பென்ரோஸ் பட்டறையில் பத்தாயிரம் பிள்ளையார்

வாழ்க யசீகரன்! தன் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக் கராஜின் கொடுங்குளிரை இரு மாரிகாலம் தனித்து நின்று வென்றவனும், ஆறாயிரம் வரி கணினி நிரலைச் செதுக்கியவனும், பால் கறக்கும் யந்திரத்தின் மூளைக்குள் குடியேறி, மாடு காலை உதறுமுன் வால்வை மூடவல்ல சின்னஞ்சிறு நிகழ்நேர இயங்குதளத்தைப் பெற்றெடுத்தவனுமாகிய அவ்வீரனைப் பாடுகிறேன். கொஞ்சம் காது கொடுங்கள்!

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, அந்த யந்திரங்களைச் செய்யும் பென்ரோஸ் பட்டறை போர்க்களமாயிற்று. எதிரே மதன்குமார்: சென்னைச் சிங்கம், பளபளக்கும் பெட்டியில் விலைக்கு வந்த இயங்குதளத்தின் மெய்க்காவலன். நடுவே மனேஜர் திருவாய் மலர்ந்தார்: "நாலு மணிக்குள் எது வேகமோ, அதுவே யந்திரத்துக்குள். மற்றது குப்பைக்கு."

போர்முறை உலகறிந்தது. இயங்குதளம் ஒரு பணியிலிருந்து மறுபணிக்கு, பந்து கைமாறுவதுபோல், பத்தாயிரம் தரம் தாவவேண்டும். தாவி முடிந்தால் மின்சுற்றுப் பலகையில் செவ்விளக்கு எரியும். மதன்குமாரின் படை மூன்றிலொரு வினாடியில் விளக்கேற்றி வாகை சூடி நின்றது. யசீகரனின் படையோ, அந்தோ, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்...

"என்ன யசீகரன், உங்க ஆளு வழியில டீ குடிக்க இறங்கிட்டாரா?" எனச் சிங்கம் கர்ஜித்தது.

"பொறுங்கோ. வாறார்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், சோதனைப் பிரிவின் பேரரசி சுகந்தினி எழுந்தாள். பலகையின் விலாவில் கேபிளைச் செருகித் திரையோடு பூட்டினாள். ஆகா, கரையுடைத்தது வெள்ளம்! பிள்ளையார் துணை, பிள்ளையார் துணை, பிள்ளையார் துணை என்று திரை முழுதும் ஓயாது உருண்டது.

"யசி அண்ணா, இஞ்ச பாருங்கோ! ஒவ்வொரு தாவலுக்கும் உங்கட பிள்ளையார் வந்து நிண்டு, ஆடி அசைஞ்சு ஆறுதலாப் போறார்."

"ஐயோ! தொடக்கத்தில ஒருக்கா எழுத வேண்டினதை, திருப்பித் திருப்பித் தாவுற சுத்துக்குள்ள எழுதிப்போட்டன்!"

"அப்ப அழியுங்கோ, கெதியா!"

"அவரை அழிக்கிறதோ? வாசல்ல இருத்துறன்."

அவ்வரியின்றி எந்நிரலையும் தொடங்கா விரதங்கொண்ட வீரன், அதனைப் பெயர்த்து, நிரலின் தலைவாசலில், ஒரே ஒரு தரம் அருள்புரிய, பயபக்தியோடு அமர்த்தினான். நாலுக்கு ஒரு நிமிடம். சங்கு முழங்கவில்லை, முரசு அதிரவில்லை. விசை மட்டும் தட்டப்பட்டது. மின்னலென எரிந்தது செவ்விளக்கு, எதிரியை வினாடியின் நூற்றிலிரு கூறால் வென்று! சிங்கமே தன் இருக்கைவிட்டெழுந்து, "அட, பிள்ளையாரையும் கூட வச்சுக்கிட்டே ஜெயிச்சிருக்கீங்க!" என்று கைகொடுக்க, பட்டறைத் தகரக்கூரை அதிர, எண்டிசையும் அவ்வெற்றியை உற்றுநோக்க,

"சரி, இதையே போடுங்கள்" என்று சொல்லிவிட்டு மனேஜர் வீட்டுக்குப் பாபகூரா ரயிலைப் பிடிக்கப் போனார்.