வீட்டுக்கு ஒரு வேதியியல் பட்டதாரி

"அம்மா என்ன படிச்சிருக்காங்க?"

தலைமையாசிரியை கேட்டது அம்மாவைப் பார்த்து. பதில் வந்தது அப்பாவிடமிருந்து.

"வேதியியல்," என்றார் பிரேக் மாஸ்டர். "பட்டம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மனைவி வாயை மூடிக்கொண்டாள். மடியில் இருந்த மகள் மட்டும், "அப்பா, இங்க பிரேக் இல்லப்பா," என்றாள்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் தொழில் அவருடையது. கற்பவர் பக்கம் ஒரு பிரேக், கற்றுத்தருபவர் பக்கம் ஒரு பிரேக் என்று இரண்டு உள்ள வண்டியிலேயே அவருடைய வாழ்வின் பெரும்பகுதி கழிந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் யாராவது சொந்தமாக ஏதேனும் செய்யப்போகிறார்கள் என்று தோன்றினால் போதும், அவருடைய கால் தானாக இறங்கிவிடும். தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்தது; வீடும் அதை ஏற்றுக்கொண்டது.

வேதியியல் என்று சொன்னதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. எதிர்ச் சுவரில் சோதனைக் குழாய்கள் வரைந்த படம் ஒன்று தொங்கியது. அங்கே உலக வரைபடம் தொங்கியிருந்தால் மனைவி அன்று புவியியல் பட்டதாரி ஆகியிருப்பாள்.

மகளுக்குப் பள்ளி தேடி வந்த இடத்தில், மகளின் தாயிடம் கேட்ட கேள்விக்கு, மகளின் தகப்பன் பதில் சொல்கிறானே, இந்தப் பழக்கத்துக்கு என்ன வயது? சக்கரத்துக்கு என்ன வயதோ அதைவிட மூத்தது. சக்கரத்துக்காவது பின்னாளில் பிரேக் கண்டுபிடித்தார்கள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் தலைமையாசிரியை. "இங்க நாங்க குழந்தைக்குப் பரீட்சை வைக்கிறதில்ல. அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் வந்து, தங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணை ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கணும். அதுதான் எங்க வழக்கம். போன வருஷம் ஒரு அப்பா நாற்காலிக்குக் கால் மாட்டச் சொல்லிக்கொடுத்தாரு. ஒரு அம்மா அழுகிற பிள்ளையைத் தூங்க வைக்கிறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தாங்க. பாதி வகுப்பு தூங்கிடுச்சு. உங்க வீட்டுல வேதியியலே இருக்கே! அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு. சரிதானே அம்மா?"

மனைவி மறுபடி வாயைத் திறந்தாள்.

"சரிதான்," என்றார் பிரேக் மாஸ்டர்.

வாசலைத் தாண்டியதும் மனைவி நின்றாள்.

"நான் என்ன படிச்சிருக்கேன்?"

"எட்டு."

"அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லையா?"

"எட்டுன்னு சொன்னா இடம் கொடுப்பாங்களா? உள்ளே உக்காந்திருந்த அம்மாங்களைப் பார்த்தியா? ஒருத்தி டாக்டர். ஒருத்தி பாலம் கட்டுற எஞ்சினியர்."

"உங்களை யாராச்சும் என்ன படிச்சீங்கன்னு கேட்டாங்களா?"

"கேக்கலையே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? விண்வெளியா?"

அவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார். அந்த இடத்தில் அவர் கைக்கு எட்டிய பிரேக் அது ஒன்றுதான்.

அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவள் மனைவி. ஊரில் வேறு பள்ளிகள் இல்லாமல் இல்லை. வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஒன்று உண்டு, ஐந்தோடு முடிந்துவிடும். பேருந்து நிலையத்தருகே இன்னொன்று; அது எட்டோடு நிற்கும். இது ஒன்றுதான் மழலை வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பெண்களுக்கென்றே ஒரே வளாகத்தில் இருந்தது. பிரேக் மாஸ்டருக்கும் அது பிடித்திருந்தது. ஒரு முறை அலைந்தால் போதும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. மனைவியின் காரணம் வேறு.

"எங்க பள்ளிக்கூடம் எட்டோட முடிஞ்சுது," என்று ஒரு முறை சொல்லியிருந்தாள். "ஒன்பதாவதுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும். எங்க அப்பா 'யோசிக்கலாம்'னாரு. இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்காரு. பள்ளிக்கூடம் மாத்துற இடத்துலதாங்க பொண்ணுங்க காணாமப் போறாங்க. இவளுக்கு மாத்துற வேலையே இருக்கக் கூடாது."

உண்மை. ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த வாளும் வேண்டாம், வேலும் வேண்டாம். இரண்டு பள்ளிகளுக்கு நடுவே ஓர் இடைவெளியும், அந்த இடைவெளியில் உட்கார்ந்து யோசிக்க ஒரு தகப்பனும் போதும்.

ஆகவே அந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் தன் வாய்தான் என்பது அன்றிரவே பிரேக் மாஸ்டருக்கு உறைத்துவிட்டது.

மறுநாள் அவர் தனியாகப் பள்ளிக்குப் போனார்.

"மேடம், வீட்டுல அவங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு. ஒரு மாசத்துக்குப் பேசவே கூடாதாம். அதனால அந்த வகுப்பு..."

"அடடா! பேசவே வேணாம். பேசாமச் செஞ்சு காட்டட்டும். பாக்கிறதைப் பொண்ணுங்க சொல்லட்டும். அதுதான் இன்னும் நல்ல முறை." தலைமையாசிரியை அவரைக் கையோடு ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். அலமாரி நிறைய அமிலக் குப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மண்டையோடு அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"எல்லாத்தையும் அவங்க கையிலயே கொடுத்துடறோம்," என்றார் தலைமையாசிரியை.

பிரேக் மாஸ்டரின் கால் ஆய்வகத் தரையை மிதித்தது.

"அதுல பாருங்க மேடம், அவங்களுக்கு ஆசிட் வாசனை ஒத்துக்காது. மூச்சு முட்டும்."

"வேதியியல் பட்டதாரிக்கா? பட்டம் எப்படி வாங்கினாங்க?"

"வாங்கும்போதுதான் ஒத்துக்காமப் போச்சு."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி அது. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார்.

"பாவம். அப்ப ஆய்வகம் வேணாம். அதுக்குள்ள தொண்டையும் சரியாயிடும். பெரிய கூடத்துல வெச்சுக்கலாம். படிப்புக்காக மூச்சையே பணயம் வெச்சவங்க! பத்தாம் வகுப்பும் வந்து கேக்கட்டும்."

ஒரு வகுப்பாக இருந்தது இரண்டாயிற்று. இன்னொரு முறை வந்து பேசினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அனைவரும் கூடிவிடுவார்கள் என்பதை உணர்ந்து, பிரேக் மாஸ்டர் கும்பிட்டு விடைபெற்றார்.

மீதமிருந்த வழி ஒன்றுதான். பழைய புத்தகக் கடையில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். மாலையில் அவளைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்துப் பாடத்தைத் தொடங்கினார்.

"நேரா உக்காரு. முதல்ல கண்ணாடியைச் சரி பண்ணு."

"எந்தக் கண்ணாடியை?"

"சரி, அதை விடு. அணு. அணுன்னா... ரவுண்டானா இருக்கில்ல? நடுவுல சிலை. சுத்தி வண்டிங்க போய்க்கிட்டே இருக்கும். அதான் அணு."

"வண்டிங்க ஏன் சிலை மேல மோத மாட்டேங்குது?"

"நல்லாப் பழகின டிரைவருங்க."

"உப்பு தண்ணியில கரைஞ்சா எங்கே போகுது?"

"எங்கேயும் போகாது. ஓரமா நிக்கும்."

மனைவி கையை நீட்டினாள். "புத்தகத்தை இப்படிக் கொடுங்க," என்றாள்.

அன்று வாங்கிய புத்தகத்தை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அடுப்பங்கரையில் அது திறந்து கிடந்தது. துணி காயும் கொடிக்கடியில் கிடந்தது. ரொட்டித் தொழிற்சாலைப் பைக்குள் போய், மாவு பூசிக்கொண்டு திரும்பி வந்தது. பிரேக் மாஸ்டருக்கு நிம்மதி பிறந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"உப்பு எங்கே போகுதுன்னு கேட்டுட்டு வந்துட்டேன்," என்றாள் மனைவி, ஒரு மாலை.

"யாரைக் கேட்ட?"

"பள்ளிக்கூடத்துல. வேதியியல் டீச்சரை."

சாப்பாட்டு மேசைக்கடியில் கால் இறங்கிய வேகத்தில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

"அடிப் பாவி! அந்தப் பள்ளிக்கூடத்துலயா? பட்டதாரி போய் உப்பு எங்கே போகுதுன்னு கேக்கலாமா?"

"தெரியலைன்னா கேக்கிறதுதானே? அவங்க சந்தோஷமாச் சொல்லிக்கொடுத்தாங்க. நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க."

"நாளைக்கா?"

"நாளைக்கு உலோகம்."

அதற்குப் பிறகு அவள் நாள்தோறும் போனாள். மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். "போகாதே" என்று சொல்ல அவருக்கு வழியில்லை. போகாவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன பேசுவாள்? "போ" என்று சொல்லவும் மனம் வரவில்லை. போய் எதை உளறிவைப்பாளோ?

"அப்பா, எனக்கு அங்க ஒரு கொக்கி இருக்கு," என்றாள் மகள். "என் பை மட்டும்தான் மாட்டலாம். மேல மீன் படம் ஒட்டியிருக்கு."

"அது சும்மா விளையாட்டுக்குக் கொடுத்திருப்பாங்கம்மா. இடம் கிடைச்சாத்தான் அது உன் கொக்கி."

"என் பேரும் ஒட்டியிருக்குப்பா."

"சாப்பிடும்மா."

வியாழக்கிழமை இரவு அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாம் தயாரா? கூடம் நிறையப் பேரு இருப்பாங்க. பயமா இல்லையா?"

"முதல் நாள்தான் பயமா இருந்துச்சு," என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். "வெள்ளிக்கிழமையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. நான் மேடம்கிட்டப் பேசிக்கிறேன்."

கவலைப்படாதே என்று சொல்லிக் கவலைப்படாமல் இருந்த கணவன் உலகில் எவனும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, பயிற்சிக்கு வந்த மாணவரையே பள்ளிக்கு வண்டியை ஓட்டச் சொன்னார். வழியெங்கும் மாணவர் வேகத்தைக் கூட்ட, மாஸ்டர் பிரேக்கை மிதிக்க, வண்டி விக்கல் எடுத்தபடியே போய்ச் சேர்ந்தது.

பெரிய கூடத்துக்கு ஓடினார். கூடம் காலி. ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க வேதியியல் வகுப்பு?"

"இங்க ஒண்ணும் இல்லைங்களே."

ஒன்பதாம் வகுப்புக்கு ஓடினார். பின்பக்கச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கரும்பலகையருகே உயரமான வேறொரு பெண் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பலகையருகே அவருடைய மனைவி இல்லை. வகுப்பு முழுவதும் நீல மேலங்கி அணிந்த முதுகுகள். எல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன.

ஓடிவிட்டாள். கடைசி நேரத்தில் பயந்து, அவமானத்துக்கு அஞ்சி, எங்கேயோ போய்விட்டாள். யாரால்? கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன தன்னால். எட்டு படித்தவளை எட்டு படித்தவளாகவே பக்கத்தில் உட்காரவைக்கக் கூசிய தன்னால். மகளின் இடத்தையும் கெடுத்து, மனைவியின் மானத்தையும் கெடுத்தாயிற்று. இனி மிதிக்க எதுவும் மிச்சமில்லை.

வாழ்நாளில் முதல் முறையாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், நான் பொய் சொன்னேன். அவ வேதியியல் படிக்கல. எட்டாவதோட நிறுத்திட்டாங்க. அவளா நிக்கல. தொண்டையும் கட்டல, மூச்சும் முட்டல. எல்லாம் என் வாய். அவ ரெண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தா, நான்தான் விடல. தண்டனை கொடுக்கணும்னா எனக்குக் கொடுங்க. குழந்தைக்கு இடம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவ அம்மாவுக்கு நின்ன இடத்துல இவளுக்கும் நின்னுடக் கூடாது."

தலைமையாசிரியை பேனாவை மூடிவைத்தார்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிச்சிட்டேன்."

"தண்ணி குடிங்க." குடிக்கும்வரை பொறுத்திருந்தார். "நல்லாப் பேசினீங்க. பாப்பாவுக்கு இடம் உண்டு. மாடிப்படிக்குப் பக்கத்து அறையில சீருடைக்கு அளவு எடுத்துக்கிட்டிருக்காங்க. போய்ப் பாருங்க."

பிரேக் மாஸ்டர் வெளியே வந்தபோது நடைபாதை முன்னைவிட அகலமாகத் தெரிந்தது. உண்மைக்கு எவ்வளவு வலிமை! ஒரே ஒரு முறை துணிந்து பேசினார்; கதவு திறந்துவிட்டது. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நடந்தபடியே ஒத்திகை பார்த்தார். 'நான் இருக்கேன், நீ ஏன் பயந்து ஓடின?' என்று தொடங்கலாம். கொஞ்சம் கண்ணீரோடு தொடங்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

அளவெடுக்கும் அறையில் மகள் பலகை மேல் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்ட தையல்கார அம்மாள், வாயில் குண்டூசிகளோடு அவளுடைய கையை நீட்டிப் பிடித்திருந்தார்.

"உனக்கு இடம் வாங்கிட்டேன்மா!" என்றார் பிரேக் மாஸ்டர், அறைக்கே கேட்கும்படி. "உங்க அம்மா எங்கே? உடனே கூப்பிடணும். இப்பவே சொல்லணும்."

தையல்கார அம்மாள் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பக் கூப்பிட முடியாது சார், மணி அடிக்கட்டும்; அவங்க போன வாரம் ஒன்பதாவதுல சேர்ந்ததாலதானே, இங்க படிக்கிற மாணவியோட மகள்னு பாப்பாவுக்கு இடமே கெடைச்சுது!"