ஒரு பர்சென்ட் பாக்கி

"இன்னும் தொண்ணூத்தொன்பதுலயே நிக்குதே. நூறு ஆகட்டும், தாராளமா லீவுல போ" என்றார் முதலாளி.

மேனேஜர் லீவு லெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செய்து கொடுத்த ஆப் வாடிக்கையாளர் போனில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் முதலாளி நம்புவது, எத்தனை பர்சென்ட் வேலை முடிந்தது என்று காட்டியபடி சுவரில் தொங்கும் திரையை மட்டும்தான். அதில் முடிந்த வேலையெல்லாம் பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு. அதையும் எவரோ பூட்டி வைத்திருந்ததால், என்ன வேலையென்றே தெரியவில்லை.

மனைவி போன் செய்தாள். "ரெண்டு தடவை டிக்கெட் கேன்சல் பண்ணியாச்சு. இன்னிக்கும் வரலைன்னா நானும் பிள்ளைங்களும் எங்க பாட்டுக்குக் கிளம்பிடுவோம். திரும்பி வர்றது எங்க இஷ்டம்."

"ஒரு பர்சென்ட்தாம்மா பாக்கி! இதோ வந்துட்டேன்."

பூட்டு யாருடையது என்று பார்க்கச் சொல்லி புரோகிராமரை ஏவினார். அவன் சட்டம் பேசுகிற ஆள். 'பூட்டைக் கண்டுபிடித்தல்' என்று புது வேலை ஒன்றைத் திரையில் ஏற்றிவிட்டுத்தான் நாற்காலியையே இழுத்துப் போட்டான். திரை தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது.

"அடப்பாவி, ஏன்டா குறையுது?"

"வேலை கூடிடுச்சுல்ல சார்?"

ஏன் குறைந்தது என்று பார்க்க டெஸ்டர் பெண்ணைக் கூப்பிட்டார். 'குறைந்ததை விசாரித்தல்' என்று அவள் ஒன்றை ஏற்றினாள். பதறிப்போய் மீட்டிங் போட்டார். வந்தவர்கள் சும்மா போவார்களா? ஆளுக்கு நாலு வேலை ஏற்றிவிட்டுப் போனார்கள். கடுப்பில் மேனேஜரே, 'இனி யாரும் புது வேலை ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுதல்' என்று ஒன்றை ஏற்றினார். திரை அறுபதில் வந்து நின்றது.

முதலாளி ஓடிவந்தார். "காலையில நூறைத் தொடப் போச்சு, இப்ப அறுபதா! இன்னும் ரெண்டு நாள் உழைச்சீங்கன்னா ஆப்பே இருக்காது போலிருக்கே!"

"சார்... மத்த எல்லாரையும் கேட்டாச்சு. ஒருவேளை அந்தப் பூட்டின வேலை உங்க பேர்ல..." என்று இழுத்தார் மேனேஜர்.

"என் பேர்ல வேலையா? நான் வேலை வாங்கறவன்யா, செய்யறவன் இல்ல. உன் லீவு கேன்சல்!"

மேனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் மறுபடி மனைவி. எடுக்கப் பயந்து டிராயருக்குள் போட்டு மூடினார். டிராயர் கிடுகிடுவென்று ஆடியது.

முதலாளியின் செக்ரட்டரி டீயும் கையுமாக அந்தப் பக்கம் வந்தாள். திரையை அண்ணாந்து பார்த்தவள், முதலாளி பக்கம் திரும்பினாள்.

"ஐயையோ, அந்தச் சிவப்பா? நான்தான் சார் உங்க பேர்ல பூட்டி வச்சேன். போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, மறந்துடுவேன், போட்டு வைம்மான்னு... 'மேனேஜரை லீவுல அனுப்பணும், பாவம்'."