ஒரு சாண் பாக்கி

மூன்றாவது போர்வையின் கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது, பைண்டருக்கு முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி ஓடவில்லை.

பகல் பதினோரு மணி. வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லி, பத்து வருடத்துக்குப் போகிறவள்போல் ஒரு பெரிய பையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்து வைப்போம் என்று பைண்டர் தீர்மானித்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மனைவிக்கு ஒட்டுப்போர்வை தைக்கும் பழக்கம் உண்டு. சொந்தபந்தத்தில் யார் சட்டை கிழிந்தாலும் அவளிடம் வந்துவிடும். அதை உள்ளங்கை அகலச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைப்பாள். ஒரு போர்வை ஒரு ஆளுக்கு. அந்த ஆளின் துணியைத் தவிர வேறு துணி அதில் சேராது. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் எதையும் முடிக்கமாட்டாள். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் எட்டுப் போர்வைகள் வருடக்கணக்காகக் கிடந்தன. எட்டிலும் ஒரே ஒரு மூலையில் மட்டும் ஒரு சாண் தைக்காமல், பஞ்சு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்திருக்கிறார். கடைசிப் பக்கங்களைத் தைக்காமல் புத்தகம் கொடுத்தால் நான் கடையை இழுத்து மூடவேண்டியதுதான் என்பார். அவள் நூலைச் சுற்றி வைத்துவிடுவாள்.

முப்பது வருடம் புத்தகம் தைத்த கை சும்மா இருக்குமா? மெழுகு நூலையும் பைண்டிங் ஊசியையும் கடையிலிருந்து எடுத்து வந்தார். ஓரம் நிமிராமல் இருக்கக் கொஞ்சம் பசையும் தடவினார். முதலில் அண்ணன் போர்வை. மறுநாள் மாடி வீட்டு ரிடையர்டு கண்டக்டருடையது. அந்த மனிதரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டையும் முடித்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இன்று மாமியாருடைய போர்வையை முடித்தாயிற்று.

சாதித்த பெருமையில், மனைவி எழுதி வைக்கும் போர்வை நோட்டை எடுத்தார். யாருக்கு, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி என்று மூன்று கட்டம். முடித்த தேதிக் கட்டத்தில் இதுவரை நாலே நாலு பேருக்குத்தான் எழுதியிருந்தது. பெரிய மாமா, சின்ன அத்தை, பழைய வீட்டுக்காரர், ஒன்றுவிட்ட தம்பி.

பேனாவைத் திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நாலு பேரும் இப்போது இல்லை. நாலு பேருடைய நினைவு மலரையும் அவர் கடையில்தான் பைண்ட் செய்தார்கள். அட்டையில் தேதி அடித்தது அவரேதான், மறக்குமா? பெரிய மாமா போர்வை பன்னிரண்டாம் தேதி முடிந்திருந்தது. மாமா பதினாலாம் தேதி போனார். அத்தைக்கு இடையில் மூன்று நாள், வீட்டுக்காரருக்கு ஐந்து. தம்பியுடையது ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவன் இல்லை.

இதைப் படித்தபோது அவர் உட்கார்ந்திருந்ததே சின்ன அத்தையின் போர்வை மேல்தான். அத்தை போனபிறகு அது இங்கே திரும்பி வந்திருந்தது. மெத்தென்று இருக்கிறதே என்று மூன்று வருடமாக மதியத் தூக்கம் அதில்தான். மெதுவாக எழுந்து, வெறுந்தரையில் போய் உட்கார்ந்தார்.

அவள் சோம்பேறி இல்லை. தெரிந்தேதான் நிறுத்தியிருக்கிறாள். முடித்தால் என்ன ஆகும் என்று நாலு தடவை பார்த்துவிட்டு, மீதி எட்டுப் பேரையும் அந்த ஒரு சாணில் பிடித்து வைத்திருக்கிறாள். அவர் போய் மூன்று பேருக்கு முடிச்சுப் போட்டுவிட்டார். அதுவும் பைண்டிங் முடிச்சு.

மனைவிக்குப் போன் போட்டார். லைன் பிசி. கால் மணி நேரம் கழித்துப் போட்டார். அப்போதும் பிசி. அண்ணன் வீட்டுக்குப் போட்டார். அண்ணிதான் எடுத்தாள்.

"அந்தப் போர்வை வந்ததிலேர்ந்து உங்கண்ணன் ஒரே தும்மல். காலையிலேர்ந்து உடம்பு வேற சுடுது."

கத்தரிக்கோலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.

அண்ணன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். நலம் விசாரிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்த பைண்டர், மூலையைத் தேடிப் பிடித்துக் கத்தரிக்கோலை நுழைத்தார். ஆனால் அது தலைமுறைக்கும் பிரியக்கூடாது என்று கற்றுக்கொண்ட முடிச்சு. நூல் அசையவில்லை, பக்கத்துத் துணிதான் கிழிந்தது. சத்தம் கேட்டு அண்ணன் குனிந்து பார்த்தார். தம்பி கையில் கத்தரிக்கோல்.

"குடுத்ததைக் கிழிச்சு எடுத்துட்டுப் போக வந்தியா?"

இல்லையென்று சொல்லிக்கொண்டே பைண்டர் இழுத்தார், விடமாட்டேன் என்று அண்ணன் இழுத்தார். சின்ன வயதில் தலையணைக்கு நடந்த சண்டைதான். அப்போது அண்ணன் எடை குறைவு. இப்போது கட்டிலிலிருந்து விழுந்ததில் அண்ணனுக்குக் கணுக்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. அண்ணி பைண்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள், வழியனுப்புவதற்காக அல்ல. போர்வை அண்ணன் மேலேயே இருந்தது. முடிச்சும் அப்படியே இருந்தது.

மாடி வீட்டில் கதவு திறந்து கிடந்தது. விசிலின் மருமகள், மாமா உள்ளே படுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். பைண்டர் உள்ளே போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. காக்கிச் சதுரங்களால் ஆன போர்வை தலையிலிருந்து கால்வரை மூடியிருக்க, கட்டிலில் நீளமாக அவர் படுத்திருந்தார். போர்வை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் போட்டுத் தேய்ந்த அந்தக் காக்கியெல்லாம் இப்போது ஒரே துணியாகி அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடியாரச் சத்தம் மட்டும் கேட்டது.

 பைண்டர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, நல்ல மனிதரை இப்படி என் கையாலேயே அனுப்பிவிட்டேனே, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுதார்.

"எதுக்கு?" என்றது போர்வை.

பைண்டர் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டதாம். அந்தக் கூச்சலில் விசில் எழுந்து உட்கார்ந்து, என்ன விஷயம் என்று பிடித்துக்கொண்டார். பைண்டருக்கு அவசரத்துக்கு ஒரு பொய்கூட வராது. நோட்டு, தேதி, முடிச்சு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். கேட்டு முடித்த விசில் மறுபடி படுத்தார். இந்தத் தடவை நிஜமாகவே வேர்த்தது. டாக்டர் வந்து பார்த்து, இரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது, இவரிடம் யார் என்ன சொன்னது என்று கேட்டார். எல்லோரும் பைண்டரைக் காட்டினார்கள்.

ஒரு மணி நேரத்தில் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மா வந்து, போன வருடம் பழைய துண்டு ஒன்று கொடுத்திருந்தேனே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கையேந்தி நின்றாள். மூன்றாம் மாடிக்காரர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, தன்னிடம் மேனேஜருடைய கைக்குட்டை ஒன்று இருக்கிறது, ஒரு போர்வைக்கு அது போதுமா என்று மெல்லிய குரலில் கேட்டார். பைண்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

மாமியார் போர்வை கூடத்தில் விரித்தபடியே கிடந்தது. அவர் தட்டையாக விரித்துவிட்டுப் போனதாகத்தான் ஞாபகம். இப்போது கீழே யாரோ ஒருக்களித்துப் படுத்திருப்பதுபோல் நடுவில் லேசாக மேடிட்டிருந்தது. கையால் அழுத்தினார். வெறும் பஞ்சுதான். ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது.

இதையாவது பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் யோசித்தார். பதினெட்டு வருடத்தில் மாமியார் தன்னைப் பாராட்டிய சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணப் பார்த்தார். விரல் தேவைப்படவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நேற்றைய பேப்பரை எடுத்து நாலு வரி படித்தார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. மடத்தனமாக நடந்துகொள்ளாதே என்று வாய்விட்டுத் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த முடிச்சு கத்தரி படுவதற்கு முன்பே அவிழ்ந்துவிட்டது. யாரோ தயாராக வைத்திருந்ததுபோல் தொட்டதும் நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் போட்ட தையல் முடிந்து, மனைவி போட்ட தையலும் பிரிய ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டார். அப்போதும் பிரிந்தது. அவர் தொடாத பக்கத்தில்கூடச் சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, சத்தமில்லாமல் தரையில் படிந்தன. ஆறு வருடத்து வேலை. முழுசாகப் பிரிந்தால் ஆளுக்கு நல்லதா கெட்டதா என்று நோட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அண்ணனுக்காகவும் விசிலுக்காகவும் மாமியாருக்காகவும் பயந்து முடித்தபிறகு, மனிதருக்குத் தன் ஞாபகம் வந்தது. அப்போ நான்?

நோட்டை மறுபடி புரட்டினார். முதல் பக்கத்தில் முதல் வரியே அதுதான். யாருக்கு என்ற கட்டத்தில் 'அவர்' என்று எழுதியிருந்தது. கல்யாணமான வருடம் ஆரம்பித்தது. முடித்த தேதி வெற்றிடம். வெற்றிடம் ஒன்று இத்தனை அழகாக இருக்கும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. போன வாரம்கூட நெஞ்சைப் பிசைகிறது என்று டாக்டரிடம் போய்வந்திருந்தார். எல்லாப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு, முடிவு வந்ததும் வீட்டம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன் என்று அனுப்பிவைத்தார் டாக்டர். இதுவரை ஒரு தகவலும் இல்லை. ஏதாவது இருந்தால் இந்நேரம் அவள் சொல்லியிருப்பாளே.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். மீதி ஐந்து போர்வைகள் இருந்தன, ஒன்றுகூட அவருடையதில்லை. முதலில் பகீரென்றது. அப்புறம்தான் அந்தப் பெரிய பை நினைவுக்கு வந்தது. எல்லோருடையதையும் பெட்டியில் போட்டுவிட்டு, என்னுடையதை மட்டும் கூடவே எடுத்துப் போயிருக்கிறாள். நான் கை வைத்துவிடுவேன் என்று தெரிந்து பத்திரப்படுத்தியிருக்கிறாள். பைண்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட இவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று நெஞ்சு அடைத்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

அவள் போன் அணைந்திருந்தது. மச்சினி எண்ணுக்குப் போட்டார். அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்போதுதான் ஆபீசிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததாகச் சொன்னாள். அவளோடு இருக்கும் மாமியார் எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டார். குழாய் ரிப்பேர்காரனைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்று பதில் வந்தது. அதற்குமேல் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மச்சினி மூச்சு முட்டச் சிரித்தாள்.

"அத்தான், நோட்டைத் தலைகீழாப் படிச்சிருக்கீங்க. போர்வை முடிஞ்சதால யாரும் போகல. அக்கா எல்லாருக்கும் ஆரம்பிச்சு ஒரு மூலையை விட்டு வச்சிருப்பா. யாருக்காவது டாக்டர் கையை விரிச்சிட்டார்னா அப்பத்தான் உட்கார்ந்து முடிப்பா. போறதுக்குள்ள ஒரு தடவையாவது அதைப் போர்த்திக்கணும்னு."

பைண்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து இப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது. அண்ணனுக்கு வெறும் ஜலதோஷம், அதுவும் தான் தடவிய பசையின் நெடியால் வந்ததாகத்தான் இருக்கும். விசிலுக்கு வெறும் பயம். மாமியார் இன்னும் நூறு வருடம் இருந்து திட்டட்டும். தரையில் சிதறிக் கிடந்த சதுரங்கள் இப்போது வெறும் பழந்துணிகள். சிரித்தார். சிரித்துக்கொண்டே, அக்காவைக் கூப்பிடு, ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றார்.

அக்கா வந்த நாளிலிருந்து உள் அறையில்தான் இருக்கிறாள், தான் ஆபீஸ் போய்வருவதில் என்ன செய்கிறாள் என்று பார்க்கவே நேரமில்லை, அம்மாவிடம் கொடுக்கிறேன், அக்காவைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று மச்சினி போனை மாற்றினாள்.

மாமியாரின் குரல் அன்று என்னவோ வழக்கத்துக்கு மாறாகத் தணிந்து வந்தது.

"இப்ப அவளைக் கூப்பிடாதீங்க மாப்ளே, அஞ்சு நாளா உங்க போர்வையை மடியில வச்சுக்கிட்டு ஒரு தையல்கூடப் போடாம உட்கார்ந்திருந்தவ, காலையில யாரோ டாக்டர்கிட்ட ரொம்ப நேரம் போன்ல பேசிட்டு, ஒரே மூச்சா தைச்சு முடிச்சு, எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வரத்தான் கிளம்பிட்டிருக்கா."