வெள்ளை அங்கி

ஓர் ஆறும் இரண்டு கரைகளும் ஓர் அரசரும் இருந்த நாட்டில், மனம் நொந்தவர் வீட்டில் மணி அடித்தால் அரண்மனை உதவி அனுப்பும் என்று சட்டம் இருந்தது. வெண்கரையில் அடித்தால் வைத்தியர் வருவார். கருங்கரையில் அடித்தால் காவலர் வருவார்கள். அப்படிச் சட்டத்தில் இல்லை. வழக்கம்.

கருங்கரைச் சிலம்பாயியின் தம்பி ஓரி, தன் குழந்தையைப் புதைத்த நாளிலிருந்து பேசவில்லை. ஒருநாள் தெருவில் நின்று அலறினான். அவள் மணி அடித்தாள். காவலர் கொண்டுபோனார்கள். திருப்பி அனுப்பியபோது அவன் இடது கை மடங்கவில்லை.

அவள் ஆற்றைக் கடந்து நலத்துறை அமைச்சரைப் பார்த்தாள்.

“ஐயா, நான் கேட்டது வைத்தியரை.”

“உங்கள் கரையில் துக்கம்கூடக் கோபமாகத்தான் வெளிப்படுகிறது அம்மா. வைத்தியர் பயப்படுகிறார்.”

“என் தம்பியும்தாங்க பயப்படுறான்.”

“கவனத்தில் கொள்கிறோம்.”

ஆணை பிறந்தது. காவலர் உள்ளே நுழையும்முன் வணக்கம் சொல்ல வேண்டும். அதன்பின் எதிர்வீட்டுக்காரரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

சிலம்பாயி மறுபடி போனாள்.

“வணக்கத்தில் ஏதும் குறையா?” என்றார் அமைச்சர்.

“வணக்கமெல்லாம் நல்லாத்தான் சொல்றாங்க. சொல்லிட்டுத்தான் அடிக்கிறாங்க.”

குழு கூடியது. அதில் கருங்கரையார் எவருமில்லை. “அவர்கள் வைத்தியரைப் பார்க்க விரும்புகிறார்கள். பார்க்கட்டும்” என்று முடிவானது. காவலருக்கு வைத்தியரின் வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தார்கள். தடி அங்கிக்குள் இருந்தது.

கருங்கரையில் மணி அடிப்பது நின்றது. வெள்ளையைக் கண்டால் கதவுகள் சாத்திக்கொண்டன. குணமாகிவிட்டார்கள் என்று அரசர் மகிழ்ந்தார். எதற்கும் ஒருமுறை பார்த்து வரும்படி, கருங்கரையிலேயே பிறந்து வைத்தியம் கற்ற அல்லியை அனுப்பினார். அங்கி கட்டாயம்.

அவள் சிலம்பாயி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, நான் அல்லி. படகுக்காரர் வீட்டுப் பொண்ணு. வைத்தியம் படிச்சிட்டு வந்திருக்கேன். ஓரி அண்ணன் எப்படி இருக்காரு?”

கதவிடுக்கில் சிலம்பாயிக்கு அங்கி மட்டும் தெரிந்தது. பின்னால் ஓரி வாயைத் திறந்தான்.

“யாருக்கா அது?”

குழந்தையைப் புதைத்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு. சிலம்பாயி அவன் வாயைக் கையால் இறுகப் பொத்தினாள்.

“இங்க எல்லாரும் நல்லா இருக்கோம் தாயி” என்றாள் கதவைப் பார்த்து.

அந்த வாக்கியத்தை இப்போது அரண்மனை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.