அழுங்கு சுருண்ட வரலாறு

ஒரு காட்டில், அந்தக் காட்டுக்கு இடைக்காலம் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாத நாளில், செதிலப்பன் என்றொரு அழுங்கு வாழ்ந்து வந்தது. கரையான் தின்னும், உடம்பெல்லாம் செதில். யாராவது கேள்வி கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கேட்டவர் போன பிறகுதான் விரியும். இது எங்கே பிழைக்கப் போகிறது என்று வீட்டார் கவலைப்பட்டு, வரலாறு படிக்க அனுப்பினார்கள்.

காட்டுக் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் ஓர் உடும்பு. மேட்டுப்பாறையில் உள்ள ஐந்து கோடுகள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிங்க மன்னர் வெட்டிய கல்வெட்டு, ஐந்து ஓடைகளைத் தானம் கொடுத்த சாசனம் என்பது அதன் கொள்கை. உடும்பு எதையாவது பிடித்தால் விடுமா? செதிலப்பனும் அதையே ஆராய்ந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியூர் ஆந்தை ஒன்று, "சிங்கம் வெட்டியதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டது. செதிலப்பன் சுருண்டுகொண்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். தேநீர் வந்தது, வடை வந்தது, ஆந்தையின் கடைசி பஸ் கிளம்பும் நேரமும் வந்தது. 'ஆழ்ந்து சிந்திக்கும் ஆய்வாளர்' என்று எழுதிப் பட்டம் கொடுத்தார்கள்.

உதவித்தொகை வராத அந்த வருஷங்களில் அழுங்குக்குச் சோறு போட்டது முக்கன் என்ற கரடி. புற்றை உடைத்துப் பாதியைத் தின்றுவிட்டு, "மிச்சத்தச் சாப்ட்டுட்டுப் படி தம்பி" என்று போய்விடும். என்ன படிப்பு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதனாலேயே அழுங்குக்குக் கரடி மேல் உயிர்.

செதிலப்பன் அந்த ஐந்து கோடுகளைப் பற்றி நான்கு புத்தகங்கள் எழுதியது. உடும்பு ஓய்வு பெற்றது. துறைத்தலைவர் நாற்காலி அழுங்குக்குத்தான் என்று பேச்சு. அந்தக் கோடையில், அடுத்த புத்தகத்தின் அட்டைக்குப் படம் எடுக்க மேட்டுப்பாறைக்குப் போனது. அங்கே முக்கன் பாறையில் நகம் தீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஐந்து கோடு விழுந்தது.

"என்னண்ணே இது?"

"நகம் மழுங்கிப் போச்சு தம்பி. எங்க அப்பன், பாட்டன் எல்லாரும் இங்கதான் தீட்டுவாங்க."

"அப்ப சிங்க ராசா?"

"இந்தக் காட்டுல ஏதுப்பா சிங்கம்?"

அழுங்குக்கு அன்று கரையான் இறங்கவில்லை. உண்மையை எழுதிவிடுவது என்று முடிவு செய்து, நேரே உடும்பிடம் போய்ச் சொன்னது.

"தாராளமா எழுது," என்றது உடும்பு. "எழுதிட்டு உன் பட்டம், என் பட்டம், உங்கிட்ட படிச்ச பசங்க பட்டம் எல்லாத்தையும் கொண்டுபோய் அந்தக் கரடிகிட்டயே குடுத்துரு. நகம் துடைச்சுக்கட்டும்."

மறுமாதக் கருத்தரங்கில், மேட்டுப்பாறையில் மேலும் முப்பது வரிகள் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செதிலப்பன் அறிவித்தது. கைதட்டல் ஓயவில்லை. பாறையைச் சுற்றி வேலி போட்டார்கள். அடுத்த கோடையில் வழக்கம்போல வந்த முக்கன், வேலியைத் தாண்டிப் பிடிபட்டது.

காட்டெருமை நீதிபதி. நிபுணர் சாட்சி செதிலப்பன். கூண்டில் நின்ற கரடிக்குப் பயமே இல்லை.

"நம்ம தம்பிதான் வந்திருக்கு. நீயே சொல்லுப்பா, இது நாங்க போட்ட கோடுதானே?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அழுங்கு நினைத்தது. அழுகையே வந்தது. அதன் நாக்கோ மிக நீளம். உண்மை பாதி நாக்கு வரை வந்துவிட்டது. அப்போது பார்த்து நீதிபதி, "எண்ணூறு வருஷம் பழசு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அழுங்கு சுருண்டுகொண்டது.

நீதிமன்றம் காத்திருந்தது. தேநீர் வந்தது. நிபுணரின் ஆழ்ந்த மௌனத்தைச் சாட்சியமாக ஏற்று, புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்தியதற்காகவும், மன்னர் கல்வெட்டுக்குச் சொந்தம் கொண்டாடியதற்காகவும் கரடியின் நகங்களை ஒட்ட வெட்டும்படி தீர்ப்பாயிற்று.

நகம் இல்லாத கரடி புற்றை எப்படி உடைக்கும்? துறைத்தலைவரான செதிலப்பன் சிபாரிசு செய்து, மேட்டுப்பாறையிலேயே அதற்குக் காவலாளி வேலை வாங்கிக் கொடுத்தது. இப்போதும் அங்கே போனால் பார்க்கலாம். சுற்றுலா வரும் குட்டிகளிடம், "தள்ளி நில்லுங்க, சிங்க ராசா வெட்டுனது" என்று முக்கன் சொல்லிக்கொண்டிருக்கும். எப்படித் தெரியும் என்று ஒரு குட்டி கேட்டால், சுருண்டுகொள்ளப் பார்க்கும். கரடிக்கு அது சரியாக வராது.

நீதி: நகம் தீட்ட நினைப்பவர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தீட்டி முடித்துக்கொள்வது நல்லது.