ஆற்றில் நிற்கும் குதிரைக்குட்டி

குழந்தைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொள்ளும் பெரியவர் என்றோர் இனம் உண்டு. எங்கள் பிஷ்கெக் நகரில், சனிக்கிழமை காலைகளில், நூலகத்து மாடியில் இவ்வினம் கூடும். நாவலுக்குப் பொறுமையில்லை, கவிதைக்குக் காதலில்லை, குழந்தைக் கதைதானே என்று தேநீர்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவார். உட்கார்ந்ததும் குரல் இனித்துவிடும், முயல் 'முயலார்' ஆகிவிடும், ஓநாய் அழுதபடி ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கும், ஆடு நன்னடத்தை பற்றிச் சொற்பொழிவாற்றும். ஆட்டை யார் கேட்டார்கள்?

எசென்பெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பாசனத் துறை அதிகாரி. விருந்து முடிவில் உள்ளங்கைகளை விரித்து ஆசி கூற அவரைத்தான் அழைப்போம். கேட்பவர்களும் கை விரிப்பார்கள்; ஆசி முடிந்ததும் எல்லோரும் அதே கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அதன்பின் கறியே வந்தாலும் உட்காரக் கூடாது.

இந்தச் சனிக்கிழமைப் பயிற்சியை நடத்தும் பூபுசாராவின் விதி எளிது. கடைசி நாள் குழந்தைகள் முன் கதையைப் படிக்க வேண்டும். முடியும்வரை அவர்கள் உட்கார்ந்திருந்தால் அது பத்திரிகைக்குப் போகும். எசென்பெக்குக்கு அச்சைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அவர் கதை சொன்னாலே தூங்கிவிடும் மகள் மீரிம், ஒருமுறையாவது விழித்திருக்க வேண்டும். அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்.

"அண்ணே, கருத்து மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் பூபுசாரா.

"எலும்பு போடாம சூப் வைப்பியா, தங்கச்சி?"

படித்தார். சொல்பேச்சுக் கேளாத குதிரைக்குட்டி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது. குழந்தைகள் முன்னால் நகர்ந்தார்கள். மீரிம் நகம் கடித்தாள். மகள் விழித்திருக்கிறாள்! எசென்பெக்கால் தாங்க முடியவில்லை. தாளைக் கீழே வைத்தார். கைகள் தாமாக விரிந்தன. விருந்துக் குரல் வந்தது.

"ஆகவே செல்வங்களே, பெரியவங்க சொல் கேட்டு, ஒத்துமையா, ஒழுக்கமா வாழ்ந்து…"

குழந்தைகள் உள்ளங்கைகளை விரித்தார்கள். முகத்தைத் தடவினார்கள். எழுந்தார்கள். நல்ல வளர்ப்பு.

"எங்க போறீங்க? இன்னும் கதை இருக்கு!"

"நீங்கதான் ஆசி சொல்லிட்டீங்களே, மாமா!" என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

மீரிம் மட்டும் வாசலில் நின்றாள். "அப்பா, குட்டி கரை ஏறிடுச்சா?"

"அதுவா முக்கியம்? அதுலேர்ந்து நாம என்ன தெரிஞ்சுக்கிறோம், சொல்லு?"

"தண்ணி சில்லுனு இருக்கும்னு."

அவளும் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. இருக்கட்டும். குட்டி இன்னும் ஆற்றில்தான் நிற்கிறது. நீங்களோ, இதெல்லாம் கடைசியில் என்ன சொல்ல வருகிறது என்று தேடத் தொடங்கிவிட்டீர்கள். சற்றுக் குனிந்து பாருங்கள். உங்கள் உள்ளங்கைகள் எப்போது விரிந்தன?