தண்ணீர் ஊற்றியவன்

"யார் தண்ணி ஊத்தினது?"

மனைவியின் கையில் பிளேடு இருந்தது. மேசையில், பயறுச் செடியின் வேர்முடிச்சு ஒன்று இரண்டாக வெட்டிக் கிடந்தது. உள்ளே ரத்தச் சிவப்பு.

சாப்பாட்டுப் பையோடு வந்த கணவன் ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது வறட்சித் தொட்டி. தண்ணி இல்லைன்னா உள்ள இருக்கற சிவப்புப் புரதம் சிதைஞ்சு பச்சையாகணும். இது என்னடான்னா ரோஜா மாதிரி சிரிக்குது!" என்று எதிரே நின்ற தோட்டக்காரரிடம் பாய்ந்தாள். "மத்தியானம் பேராசிரியர் வர்றார். என் ஆராய்ச்சியே இதுதான். உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா உங்க மேல எழுதிக் கொடுத்துடுவேன். வேலை போயிடும்."

"சத்தியமா நான் இல்லம்மா." அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கணவனுக்குச் சண்டை ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாச் சண்டையையும் ஒரே சொல்லில் முடித்துவைத்தவன். அந்தத் தொட்டிகள் எந்த மூலையில் இருக்கின்றன என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னான்.

"நான்தான்."

"நீங்களா? எப்போ?"

"நேத்து. சாப்பாடு கொண்டு வந்தப்போ."

"ஒரு நாள் ஊத்தினா இந்தச் சிவப்பு வராது."

"தினமும்தான்."

"அப்போ மண்ணு ஏன் பாளம் பாளமா வெடிச்சிருக்கு?"

சுற்றும் முற்றும் பார்த்தான். மேசையில் ஓர் ஊசிக்குழல் கண்ணில் பட்டது.

"அதுல எடுத்து... வேருக்கு மட்டும் விட்டேன். பார்க்கப் பாவமா இருந்துச்சு."

தோட்டக்காரர் வாயைப் பிளந்தார்.

"செடிக்குப் பாவம் பார்த்தீங்க. எனக்கு யாரு பார்க்கறது?" அவள் நாற்காலியில் சரிந்தாள். "இருந்ததே கைப்பிடி விதை. மொத்தமும் விதைச்சாச்சு. எல்லாம் போச்சு. கெட்டுப்போன சோதனைச் செடியை எரிக்கணும், அதுதான் விதி."

"நீ உட்காரு. நானே எரிச்சுடறேன்."

செய்யாத தப்புக்கு இதையாவது செய்வோம் என்று, ஒரு தொட்டி விடாமல் பிடுங்கி எரிஉலையில் போட்டான். மூடியை இறுக்கி, நெருப்பையும் அவனே மூட்டினான். திரும்பி வந்தபோது பேராசிரியர் வெட்டிய முடிச்சின் மேல் குனிந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இது வறட்சித் தொட்டியா?"

"ஆமா சார். ஆனா, இவர் தினமும் தண்ணி விட்டிருக்கார்."

"அதானே!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் கணவனின் தோளில் தட்டினார். "ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னுடுச்சுப்பா. சொட்டுத் தண்ணி இல்லாம இந்தச் சிவப்பு நிக்கற செடியைத்தான் தலை நரைச்ச பிறகும் தேடிக்கிட்டிருக்கேன்."